கன்ட்ரோல் வளர்ந்தா என்ன பண்றது? – கடிதம்

வணக்கம் சார். ஆத்துத் தண்ணில ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யுற கெமிக்கல் இருக்கான்னு எம்சிஎஃப்-7 செல் வெச்சுப் பாக்கறேன், ஈஸ்ட்ரோஜன் பட்டா வளர்ற மார்பகப் புற்றுநோய் செல் அது. மூணு மாசமா, ஒப்பிட்டுப் பாக்க எதுவுமே சேர்க்காம வெச்ச கன்ட்ரோல் குழிலயே செல் வளருது. கைடு திட்டினார், அந்த டேட்டாவை டெலீட் பண்ணிட்டு ரிபீட் பண்றேன். பிஎச்டியை விட்டுட்டு ஃபார்மா கம்பெனில சேர்ந்துடலாமா?

ர.

அன்புள்ள ர.,

வேலை விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். டெலீட் பண்ணிட்டேன்னு அவ்வளவு சாதாரணமா எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. போன வாரம்தான் பரண்ல என் பழைய லேப் நோட்டு கிடைச்சுது, நடுவுல நாலு பக்கம் இல்ல. கிழிச்சது நான்தான்.

ஏம்மா, நீங்க பண்ற அந்த டெஸ்ட்டே கெட்டுப்போன கன்ட்ரோலோட சொந்தக்காரன்தான், தெரியுமா? பாஸ்டன்ல டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில அனா சோட்டோவும் கார்லோஸ் சொன்னன்ஷைனும் 1980கள் கடைசில இதே செல்லை வெச்சுட்டு இருந்தாங்க, செல்லுக்குச் சாப்பாடா ஊத்துற சீரத்துல (ரத்தத்துல இருந்து எடுக்கிற திரவம்) கரி போட்டு ஈஸ்ட்ரோஜனை எடுத்துட்டா அது வளரக்கூடாது, ஆனா திடீர்னு தட்டு தட்டா வளர ஆரம்பிச்சுடுச்சு. தூக்கிப் போடல அவங்க. ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி மாசக்கணக்கா தேடி, கடைசில சீரம் ஊத்தி வெக்கிற பிளாஸ்டிக் டியூப்ல வந்து நின்னாங்க. டியூப் பண்றவங்க கலவையை மாத்தியிருக்காங்க, என்ன கலந்தீங்கன்னா தொழில் ரகசியமாம்! இவங்களே பிரிச்செடுத்து, செல்லை வளரவெச்சது நோனைல்ஃபீனால்ங்கிற கெமிக்கல்னு 1991ல எழுதினாங்க. சோப்புக் கழிவு சிதைஞ்சு ஆத்துல சேருற அதே சரக்கு. நீங்க ஆத்துல தேடுறது உங்க டியூப்லயே இருக்கலாம்ல?

1998ல கிளீவ்லாந்துல பட்ரீஷியா ஹன்ட் லேப்லயும் இப்படித்தான். சும்மா வெச்சிருந்த கன்ட்ரோல் எலிங்களோட கருமுட்டைல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு கோளாறா இருந்தது திடீர்னு நாப்பதாச்சு. யாரோ தரை கழுவுற காரமான சோப்பை வெச்சு பாலிகார்பனேட் கூண்டைக் கழுவிட்டாங்க, பிளாஸ்டிக் அரிச்சு, அதுலயே இருக்கிற, ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுற பிஸ்ஃபீனால் ஏங்கிற கெமிக்கல் கசிஞ்சிருக்கு. பேப்பர் 2003லதான் வந்துச்சு.

என் கதைக்கும் சோப்புதான் வில்லன், ஆனா எனக்கு பேப்பர் இல்ல. ஒரு வாரம் கன்ட்ரோல் செத்துக்கிட்டே இருந்துச்சு, என் கைதான் சரியில்லன்னு வெக்கப்பட்டு, யாரும் பாக்கறதுக்குள்ள பக்கத்தைக் கிழிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு பாட்டில் கழுவுற அக்கா, "புது சோப்பு தம்பி, எத்தனை தண்ணி ஊத்தினாலும் நுரை போகவே மாட்டேங்குது"ன்னு சாதாரணமா சொல்றாங்க. எந்தத் தேதில மாத்தினாங்கன்னு அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. என் செல் எந்தத் தேதில சாக ஆரம்பிச்சுதுன்னு காட்டத்தான் என்கிட்ட பக்கம் இல்ல. அந்த அக்காவோட மூணு வருஷம் ஒரே பில்டிங்ல இருந்தேன், ஒரு நாள்கூட உக்காந்து பேசினதில்ல. இன்னிக்கும் உறுத்துது.

கைடு திட்டினதையெல்லாம் விடுங்க, எல்லா கைடும் திட்டுவாங்க. அழுதீங்கன்னா அழுதுட்டுப் போய் நல்லா சாப்பிடுங்க. முதல்ல ரீசைக்கிள் பின்ல அந்த ஃபைல் இருக்கான்னு பாருங்க, செல் தட்டை அளக்கிற பிளேட் ரீடர் மெஷினோட கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி கிடக்கலாம். டியூப் லாட் நம்பர், சீரம் லாட் நம்பர், செல் வளர்க்கிற மீடியத்துல ஃபீனால் ரெட் சாயம் இருக்கான்னும் குறிச்சுக்கோங்க, அந்தச் சிவப்புச் சாயத்தாலகூட எம்சிஎஃப்-7 வளரும்னு 1986லயே பேப்பர் வந்தாச்சு. அப்புறம் உங்க லேப்ல பாத்திரம் கழுவுறது யாரு, அவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?

கம்பெனி வேலை பத்தி, லாட் நம்பரோட எழுதுங்க, அப்ப பேசலாம்.