வால்வு சுடட்டும், பெட்டி சுடக்கூடாது

ஊட்டியில் கிடார் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் என் மேசைக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சூட்டைப் பற்றியவை. எல்லோருக்கும் ஒரே வியப்பு: இந்தக் குளிரிலுமா ஆம்ப்ளிஃபையர் சுடும்? சுடும். பல வேளைகளில் குளிருக்காக நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகளே அதற்குக் காரணமாகிவிடுகின்றன.

குன்னூர் வாசகர்: நான்கு ஈஎல்84 வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) கொண்ட 30 வாட் காம்போ (ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. நம் ஊர்க் குளிருக்கு மின்விசிறி தேவையா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு ஈஎல்84 வால்வின் ஃபிலமென்ட் (உள்ளே எரியும் சூடேற்றும் இழை) மட்டும் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் எடுக்கிறது. அது கிட்டத்தட்ட 4.8 வாட். அதன் பிளேட் (உள்ளிருக்கும் உலோகத் தகடு) தாங்கக்கூடியது 12 வாட். இந்த வகை ஆம்ப்ளிஃபையர்களில் பிளேட்டை அந்த எல்லைக்கு அருகிலேயே ஓட விடுவார்கள். நான்கையும் கூட்டினால் 65 வாட்டுக்கு மேல் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர்களின் சூடு இதில் சேரவில்லை. நீங்கள் ஒரு சுரம்கூட வாசிக்காமல் காபி குடித்துக்கொண்டிருந்தாலும் இந்தச் சூடு குறையாது. மரப்பெட்டிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மாலை முழுவதும் எரிய விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மலையின் பங்கு இதில் இருவிதமானது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகவே சுமந்து செல்லும். ஆனால் கோயம்புத்தூரோடு ஒப்பிட்டால் நம் அறைகள் 10, 15 டிகிரி குளிர்ந்தவை. அந்த லாபம் மெலிந்த காற்றின் நஷ்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. குன்னூர் இன்னும் தாழ்வாக இருப்பதால் உங்களுக்கு நஷ்டம் அதைவிடக் குறைவு. ஆகவே உங்கள் சிக்கலை ஊரின் தலையில் போட முடியாது. ஜன்னலைச் சாத்தி, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பின்பக்கம் ஒரு அடி இடைவெளி விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வால்வைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. சூட்டில் வாழ்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. கவலையெல்லாம் அதன் அக்கம்பக்கத்தில் இருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களைப் பற்றித்தான். 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. காம்போவில் வால்வுகள் தலைகீழாகத் தொங்குவதால், எழும் சூடு நேராகக் கண்டன்சர்கள் இருக்கும் சேசிஸுக்கே (உலோகச் சட்டத்துக்கே) போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு தேவாலயத்திலிருந்து இப்படி ஒரு காம்போ வந்தது. பனி படாமல் இருக்கட்டும் என்று யாரோ அக்கறையாக அதன் பின்பக்கத்தில் கம்பளியைப் போர்த்தியிருக்கிறார்கள். கீர்த்தனைப் பயிற்சி முழுவதும் அது அப்படியே இருந்திருக்கிறது. திறந்து பார்த்தபோது வால்வுகள் நான்கும் நன்றாகவே இருந்தன. கண்டன்சர்களின் மேல்மூடி உப்பி, பிளாஸ்டிக் தோல் சுருங்கி மேலேறி, வெறும் அலுமினியம் தெரிந்தது. உங்களுடையதில் மாற்ற நேர்ந்தால் 85 டிகிரி ரகத்தை விட்டுவிட்டு 105 டிகிரி ரகத்தையே கேட்டு வாங்குங்கள்.

மின்விசிறி அவசியமில்லை, ஆனால் வைத்தால் நல்லது. கணினியில் போடும் 12 வோல்ட் விசிறியைத் தனி அடாப்டரில் 7 முதல் 9 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமே கேட்காது. அது பெட்டிக்குள்ளிருக்கும் சூட்டை வெளியே இழுக்கும்படி மேல்பக்கமாகப் பொருத்துங்கள்.

கொடைக்கானல் மாணவர்: இரண்டு ஈஎல்34 வால்வுகளில் ஒன்றின் உள்தகடு செக்கச்செவேலென்று ஜொலிக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இதைப் படித்ததும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். ஃபிலமென்ட்டின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பானது, கண்ணாடியின் உட்சுவரில் படரும் நீலமும் இயல்பானது. சாம்பல் நிறத் தகடு சிவப்பது மட்டும், வால்வு தன் 25 வாட் எல்லையைத் தாண்டி எரிகிறது என்பதற்கு அடையாளம். சில நிமிடங்களில் வால்வு போகும். போகிற போக்கில், ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

நன்றாக ஆறிய பிறகு இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டு, கண்ணெடுக்காமல் பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் வால்வு கெட்டிருக்கிறது. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் குறை வெளியில் இருக்கிறது: முந்தைய கட்டத்திலிருந்து ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசியலாம், கிரிட்டின் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையின்) ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அல்லது சாக்கெட்டின் கவ்வு தளர்ந்து, மின்னோட்டத்தை அளவாக வைக்கும் பயாஸ் மின்னழுத்தம் கிரிட்டுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். சரிசெய்த பின் பயாஸை மறுபடி அமைக்க வேண்டும். பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு 35 முதல் 40 மில்லி ஆம்பியர் போதும். 'சூடாக ஓட்டினால்தான் நாதம் இனிக்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எல்லைக்குள்ளேயே இனிமை நிறைய இருக்கிறது.

கோத்தகிரி எஸ்டேட் வாசகர்: எங்கள் பங்களாவில் மாலையில் 200 வோல்ட், இரவு பதினொரு மணிக்கு 250 வோல்ட் வருகிறது. இரவில் வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. 230 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப்ளிஃபையருக்கு 250 கொடுத்தால் ஃபிலமென்ட்டுக்கு 6.3க்குப் பதில் 6.85 வோல்ட் போகிறது. அது 10 சதவீத எல்லையின் விளிம்பு. பிளேட் மின்னழுத்தமும் கூடவே ஏறுவதால் உள்ளே விளையும் சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகரிக்கும். பின்பக்கத்தில் இருக்கும் வோல்ட் தேர்வை 240க்கு மாற்றினால் இரவு சரியாகும், மாலை 200 வோல்ட்டில் ஃபிலமென்ட் பட்டினி கிடக்கும். எனவே 500 விஏ ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

அமெரிக்க 120 வோல்ட் ஆம்ப்ளிஃபையரை ஸ்டெப்டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு ஓட்டுபவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பெயர்ப்பலகையில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும். வோல்ட்டைச் சரிசெய்வதால் அது தீராது.

தலைக்குந்தா வாசகர்: உறைபனிக் காலத்தில் இரவெல்லாம் காரில் இருந்த ஆம்ப்ளிஃபையரைக் காலையில் வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே போடலாமா?

இரண்டு மணி நேரமாவது பொறுங்கள். குளிர்ந்த இரும்பு, வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் வியர்க்கும். அந்த ஈரம் ஈஎல்34 போன்ற வால்வின் சாக்கெட்டில் தங்கினால், 400 வோல்ட் உள்ள மூன்றாம் பின்னிலிருந்து (வால்வின் காலிலிருந்து) பக்கத்தில் இருக்கும் இரண்டாம் பின்னுக்குப் பொறி தாவும். ஈஎல்34 சாக்கெட்டில் அது விட்டுச்செல்லும் தடம், பென்சிலால் கிழித்த மெல்லிய கறுப்புக் கோடு போலிருக்கும். அந்தக் கோடு கரி, மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டிப் பயனில்லை, சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

ஊட்டி வாசகி: பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஆம்ப்ளிஃபையரைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சரிதானே?

தள்ளி வையுங்கள். கண்டன்சரைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். வாரத்துக்கு ஒரு மாலை அரை மணி நேரம் வாசித்தாலே உள்ளே ஈரம் தங்காது. அப்பெட்டிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: இடைவேளையில் ஸ்டாண்ட்பையில் போட்டால் ஆறுமா?

ஃபிலமென்ட் எரிந்துகொண்டேதான் இருக்கும், பிளேட்டின் சூடு மட்டும் தணியும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குச் சரி. மணிக்கணக்கில் அப்படியே விட்டால் கேத்தோடு (வால்வுக்குள் எலக்ட்ரான்களை வெளிவிடும் பகுதி) கெடும். அதற்கு முழுவதுமாக அணைத்துவிடுவது மேல்.

கூடலூர் வாசகர்: அப்பா வாசித்த வால்வு ஆம்ப்ளிஃபையர் இருபது ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. போட்டுப் பார்க்க ஆசை.

உங்கள் ஆசை புரிகிறது. ஆனாலும் நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி, அதன் வழியாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச்செய்யும் ரெக்டிஃபையர் வால்வைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால், உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட் நிற்கக்கூடும். இருபது ஆண்டு கிடந்த கண்டன்சர்களை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். வால்வுகளைப் பழைய துணியில் தனித்தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள். பெரும்பாலும் அவை பிழைத்திருக்கும்.