பவளத் திட்டில் காலை ஊன்றாதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: கடல் பூங்காவுக்கு எந்த மாதம் போகலாம்?

ப: எந்தக் கடல் என்றே எழுதவில்லையே! பருவமழை கலக்கிய தண்ணீரில் எதுவும் தெரியாது. கடல் தெளியும் மாதத்தை அந்தப் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே போனாலும் காற்று எழும்புமுன் காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

கே: பட்டையை எவ்வளவு இறுக்கினாலும், தண்ணீருக்கடியில் பார்க்கப் போடும் மாஸ்க்குக்குள் தண்ணீர் வருகிறது.

ப: அதிகம் இறுக்கினால் ஓரம் மடங்கித் தண்ணீர் வரத்தான் செய்யும். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. நெற்றி முடி ஒன்று உள்ளே சிக்கினாலும் ஒழுகும், மீசையும் அப்படித்தான்.

கே: மாஸ்க்கைச் சரிசெய்ய ஒரு நிமிடம் பாறையில் நின்றேன். வழிகாட்டி சத்தம் போட்டார். பழுப்பாகக் கிடந்த செத்த கல்தானே?

ப: பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த நிறம் பவள உயிரிக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியுடையது. பாசி வெளியேறினால்தான் வெளுக்கும். வெளுத்ததும்கூட உடனே செத்துவிடுவதில்லை, வெப்பம் தணிந்தால் தேறலாம். எலும்பாக இருக்கும் சுண்ணாம்புக் கிண்ணத்தின்மேல் சில மில்லிமீட்டர் சதைதான் அதன் உடம்பு. உங்கள் எடை அந்தச் சதையை அதன் சொந்த எலும்பிலேயே வைத்து நசுக்குகிறது. புண்ணான இடத்தில் வேறு பாசி குடியேறும். உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும், ஒரு மிதி எத்தனை ஆண்டுகளைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செத்த பாறையையும் மிதிக்காதீர்கள், புதுப் பவளக் குஞ்சு வந்து ஒட்டுவது அதன்மேல்தான்.

மாஸ்க்கைச் சரிசெய்ய வேண்டுமா? மல்லாந்து முழங்காலை மடக்கி மிதந்தபடி செய்யுங்கள், அல்லது மணல் திட்டுக்கு நீந்திப் போங்கள். நிமிர்ந்து நின்றபடி காலை உதைப்பதுதான் பெரிய கேடு. காலில் மாட்டும் துடுப்பான ஃபின் உங்கள் பாதத்துக்குக் கீழே ஒரு முழம் நீளும்; கிளைப் பவளம் ஒடிவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடல் நீர் இறங்கியிருக்கும் வற்றத்தில் திட்டின்மேல் போகவே வேண்டாம்.

கே: எந்த சன்ஸ்கிரீன்?

ப: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் இல்லாதது. பவளத்தைக் காக்க, இவை கலந்ததை ஹவாயில் 2021 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. முன்பக்க வாசகத்தை நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். முழுக்கை ராஷ் கார்டு (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) போட்டால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் பூசினால் போதும்.

கே: ஆமையைத் தொட்டுப் படம் எடுக்கலாமா?

ப: கூடாது. 3 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் இருங்கள். மூச்செடுக்க அது மேலே வரும் வழியை மறிக்காதீர்கள்.

கே: இரவில் முட்டையிடும் ஆமையைப் பார்க்கப் போன் டார்ச் போதுமா?

ப: போனை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கியதை வழிகாட்டி சொன்ன பிறகு, வால் பக்கமிருந்து மட்டும் பாருங்கள். சுமார் இரண்டு மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் ஓடும். உங்கள் டார்ச் அவற்றைக் கரைப்பக்கம் இழுத்துவிடும். பகலில் பிள்ளைகள் தோண்டிய குழிகளை மூடிவிட்டுப் போங்கள், விழுந்தால் குஞ்சால் ஏற முடியாது.

கே: கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு?

ப: எடுக்காதீர்கள். கல் பவளங்கள், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. விமான நிலையத்தில் மாட்டுவீர்கள்.

கே: காற்று உருளை மாட்டி முழுகும் ஸ்கூபா முடித்து அன்றே விமானம் ஏறலாமா?

ப: ஒரே முழுக்கு என்றால் 12 மணி நேரம், பல என்றால் 18 மணி நேரமாவது பொறுங்கள். குழாயில் மூச்சுவிட்டு மேலேயே நீந்தும் ஸ்நார்கெல் மட்டும் என்றால் காத்திருக்க வேண்டியதில்லை.