மயிலாடுதுறையிலிருந்து ஒரே நாளில் தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். சுமார் 30 கி.மீ., பேருந்தில் ஒரு மணி நேரம். பிசகுவது நேரக் கணக்கில்தான். நண்பகலில் வந்து இறங்கினால் கோட்டைத் திடலில் ஒதுங்க நிழல் கிடைக்காது. வெயில் தாளாமல் பாதியிலேயே கிளம்பிவிடுவீர்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் கடற்கரையில் இருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

முதலில் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பது கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள். அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள்; ஈரமும் பாசியுமாக வழுக்கும். கடலில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். 2004 சுனாமி மோசமாகத் தாக்கிய ஊர் இது.

பத்து மணிக்குக் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் இடம் கொடுக்க, டேனிஷ்காரர்கள் கட்டியது. மேல்தளத்தோடு நின்றுவிடாமல் கீழ்த்தள அறைகளையும் நிதானமாகப் பாருங்கள். சரக்குக் கிடங்கும் சிறையும் அங்கேதான் இருந்தன. டென்மார்க் மன்னரே அனுப்பிவைத்த கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவை, 1708இல் இங்கிருந்த டேனிஷ் தளபதியே பிடித்து நான்கு மாதம் இந்தக் கோட்டையில் அடைத்தார். இந்தச் சீகன்பால்குதான் பிறகு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர்.

அடுத்து கிங் ஸ்ட்ரீட். கடலை முதுகுக்கு விட்டு மேற்கே நடந்தால் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் வரும். இரண்டாவதன் முகப்பில் கிரீடத்தின் கீழ் மன்னரின் எழுத்து முத்திரை இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள். உள்ளே பலிபீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள்.

ஆங்கிலேயர் இந்த ஊரை 1801லும், மறுபடி 1808 முதல் 1815 வரையிலும் பிடித்துவைத்திருந்தார்கள். 1845இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டார்கள். ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனதும் வணிகமும் அங்கே போய்விட்டது. பழைய வீடுகள் இடிபடாமல் இவ்வளவாவது நிற்பதற்கு அந்தத் தேக்கமும் ஒரு காரணம் என்பேன்.

தெருவின் மேற்குக் கோடியில் 1792இல் கட்டிய நகர வாயில். அதைத் தாண்டினால் பேருந்துச் சாலை. சாப்பாட்டுக்குப் பொறையாறு போய்விடுங்கள், பக்கம்தான்.