என் பான், ஆதார வச்சு எவனோ லோன் வாங்கிட்டான், நான் மதுரை பக்கம் திருமங்கலம், எங்க போய் கம்ப்ளைண்ட் குடுக்கறது?

தம்பி, மொதல்ல ரெக்கவரிக்காரன் மிரட்டுறான்னு பயந்து ஒத்த ரூபா கட்டிராதீங்க, கட்டுனா அது உங்க கடன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். சிபில் ரிப்போர்ட், அதாவது உங்க பேர்ல இருக்கற கடன் வரலாறு, வருசத்துக்கு ஒருதடவ ஃப்ரீ, அத எடுத்து அந்த லோன் எந்த கம்பெனி, எந்த தேதி, எந்த அட்ரஸ், எந்த போன் நம்பர்னு உத்துப் பாருங்க, உங்களுது இல்லாத நம்பர் கெடந்துச்சுன்னா அதான் பெரிய ஆதாரம். அதோட சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் போடுங்க. அக்கவுண்ட்ல காசும் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, இதுல ஒவ்வொரு நிமிசமும் முக்கியம்.

ஸ்டேஷன்ல "இது எங்க லிமிட் இல்ல"ன்னு சொன்னா விடாதீங்க, புது குற்ற நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 173வது பிரிவுபடி எங்க நடந்த குத்தமா இருந்தாலும் புகார வாங்கியே ஆகணும். அந்தப் புகார் காப்பிய வச்சு லோன் குடுத்த கம்பெனிக்கு மெயில் போடுங்க, சிபில்லயும் இது என் கடன் இல்லன்னு டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாளுக்குள்ள தீர்க்கலன்னா அப்புறம் நாளைக்கு 100 ரூபா நஷ்டஈடு கேக்கலாம், ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு. சஞ்சார் சாத்தின்னு கவர்மெண்ட் வெப்சைட் இருக்கு, அதுல உங்க பேர்ல எத்தன சிம்மு ஓடுதுன்னு பாருங்க, ஆதார் பயோமெட்ரிக்க லாக் பண்ணிருங்க.

இனிமே பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்க ஜெராக்ஸ் எடுத்தாலும் காப்பி மேல குறுக்க கோடு போட்டு எதுக்கு, என்ன தேதின்னு எழுதிக் குடுங்க தம்பி.