ஏபி-யில் 5 வாங்கினால் ஒரு செமஸ்டர் மிச்சமா?

ஹூஸ்டனிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பதினோராம் வகுப்பு முடித்த மகள் ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்') தேர்வுகளில் கால்குலஸ் பிசி-யில் 5, கெமிஸ்ட்ரியில் 4, அமெரிக்க வரலாற்றில் 3 வாங்கியிருக்கிறாள். டாக்டராகும் ஆசை. "ஹிஸ்டரிதான் வீணாப் போச்சு, மத்த ரெண்டுக்கும் ஃபீஸ் குறையுமா?" என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த 3-தான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதோடு, ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் வேலை முடிந்தது. அதற்குக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) தருவதும் தராததும் கல்லூரியின் முடிவு. டெக்சாஸில் 2015-இல் வந்த சட்டப்படி, அரசுக் கல்லூரிகள் தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3 வாங்கினாலே கிரெடிட் தர வேண்டும். அதற்கு மேல் கேட்பதென்றால் தகுந்த ஆதாரம் வேண்டும். இன்னொன்று, அங்கே என்ன மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட் கட்டாயம். மகளின் 3 அதில் ஒரு பகுதியையாவது தீர்த்துவிடும். பட்டத்துக்கு வேண்டியது சுமார் 120 கிரெடிட் என்பதால், ஒரு பாடம் குறைந்தாலும் லாபம்தான்.

கெமிஸ்ட்ரியில்தான் யோசிக்க வேண்டும். பட்டப்படிப்புக்குப் பிறகு சேரும் மருத்துவக் கல்லூரிகள் பலவும் கெமிஸ்ட்ரிக்கு ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை. சில ஏற்றாலும், அதற்கு மேற்பட்ட பாடத்தைக் கல்லூரியில் படித்துக் காட்டச் சொல்லும். அதனால் முதல் வருட கெமிஸ்ட்ரியை லேபோடு கல்லூரியிலேயே படிப்பது நல்லது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் தானாக ஏறாது, மாணவர்தான் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அது வசதிதான். அட்வைசரிடம் பேசும்வரை எதையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கால்குலஸுக்குக் கிரெடிட் கிடைத்தாலும், அடுத்த பாடத்துக்கு நேராகத் தாவுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். பழைய ஃபைனல் தேர்வுத்தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தனியார் கல்லூரிகள் பக்கம் போனால் கணக்கே வேறு. கால்டெக் ஏபி-க்குக் கிரெடிட் தருவதில்லை. பிரவுனிலும் டார்ட்மவுத்திலும் ஏபி மதிப்பெண்ணை வைத்து மேல்நிலை வகுப்பில் சேரலாம், ஆனால் பட்டத்துக்கான கணக்கில் அது சேராது. எம்ஐடி-யில் கால்குலஸ் பிசி-யில் 5 வாங்கியிருந்தால்தான் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட். அங்கெல்லாம் விண்ணப்பிப்பதாக இருந்தால், ஒரு செமஸ்டர் மிச்சம் என்ற கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள்.

அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பில் இன்னும் நான்கு ஏபி எடுக்கலாமா என்ற கேள்வி. கடினமான பாடம் எடுத்திருக்கிறாள் என்பதை அட்மிஷன் ஆபீஸ் பார்க்கும். ஆனால் அந்த மே மாதத் தேர்வின் மதிப்பெண் வருவது ஜூலையில். அதற்குள் எந்தக் கல்லூரி என்பது முடிவாகியிருக்கும். ஒரு தேர்வுக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் ஆகிறது. எனவே சேரப்போகும் கல்லூரியின் இணையதளத்தில் ஏபி கிரெடிட் அட்டவணையைத் திறந்து, அவளுடைய மேஜருக்கு உதவாத தேர்வுகளைத் தள்ளிவிடுங்கள். அட்டவணையில் குறிப்பிட்ட பாடத்தின் எண் இருக்கிறதா, வெறும் 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். எலெக்டிவ் கிரெடிட் எண்ணிக்கையைக் கூட்டும், கட்டாயப் பாடத்தைக் குறைக்காது.

ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு மதிப்பெண் அனுப்புவது இலவசம். கல்லூரியின் பெயரை ஜூன் 20-க்குள் காலேஜ் போர்டு கணக்கில் குறிக்க வேண்டும். தவறினால் காசு கட்டித்தான் அனுப்ப வேண்டும்.