ஹாலில் உட்காருபவர் விருந்தாளி

கேள்வி: நாகர்கோவில் மாநகராட்சியாகிவிட்டது. மேயர் இருக்கிறார், 52 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கலைவாணர் பெயரில் அலுவலக மாளிகையும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு நகரங்களில் காண்பதுபோல், குவிமாடமும் தூண்களுமாக, ஊரின் அடையாளமாக நிற்கும் ஒரு சிட்டி ஹால் நமக்கு வேண்டாமா? நானே வரைந்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், பார்வதிபுரம்

பதில்: படத்தைப் பார்த்தேன். தூண்கள் பன்னிரண்டு இருக்கின்றன, நேர்த்தியாகவே வரைந்திருக்கிறீர்கள். படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ‘ஹால்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

நம் குமரி மாவட்டத்தில் தோவாளையிலிருந்து களியக்காவிளை வரை யாரிடமாவது ‘ஊருக்கு ஒரு ஹால் கட்டப்போகிறார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். ஏ.சி. உண்டா, ஒரு பந்திக்கு எத்தனை இலை போடலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்ற மூன்று கேள்விகள் அந்த வரிசையிலேயே வரும். நீங்கள் ஆசைப்படும் கட்டடம் எழும்பிய மறுமாதமே ஆவணி முகூர்த்தங்கள் அத்தனைக்கும் முன்பணம் வாங்கியாகிவிடும். வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்குத் தேதி கேட்டு வரும் மேயரிடம், ‘அன்றைக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது, பிரதமன் பாயசம் பரிமாறி முடிய மூன்று மணியாகும், அதன்பிறகு மேசைகளைத் துடைத்துத் தருகிறோம்’ என்று கண்காணிப்பாளர் பணிவுடன் சொல்வார். இதில் ஒரு நன்மையும் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால் கூட்டம் அமைதியாக முடியும். பிரதமன் வருமுன் வெளிநடப்புச் செய்யும் உறுப்பினர் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

வீட்டிலும் ஹால் உண்டு. நம் பழைய வீடுகளில் திண்ணையும் அரங்கு என்னும் உள்ளறையும் அடுக்களையும்தான் இருந்தன. ஹால் பின்னால் வந்தது. சோபாவும் தொலைக்காட்சியும் அங்கே இருக்கும். விருந்தாளியை அங்கே உட்கார வைப்போம். பால் கணக்கு, பள்ளிக் கட்டணம், மகளுக்கு வந்த சம்பந்தம் எல்லாம் முடிவாவது அடுக்களையில். நகர நிர்வாகமும் அடுக்களைக் காரியம்தான். 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்களை வைத்திருக்கிறது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, இறைச்சிக்கூடம், கால்நடைப் பட்டி, பிறப்பு இறப்புப் பதிவு, சுடுகாடு என்று நீளும் அந்தப் பட்டியலில் குவிமாடம் இல்லை. முக்கடல் அணையில் நீர் தாழும் கோடையில் வடசேரிக்காரர் மாநகராட்சியை நினைப்பது குழாயடியில் நின்றுதான்.

கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 1913இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை, தன் கண்ணால் அதைப் பார்த்திராத ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1909இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரை வைத்ததற்குக் காரணம் 1882இல் அவர் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம். நிர்வாகம் மேம்படும் என்பதைவிட, மக்கள் பொதுக்காரியத்தில் பயிற்சி பெறுவார்கள் என்பதற்காகவே உள்ளாட்சியை வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்மானம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கீழிருந்த நம்மைக் கட்டுப்படுத்தவில்லை என்பது வேறு கதை. கோவையில் 1892இல் எழுந்த விக்டோரியா ஹாலில் இன்றும் மாமன்றம் கூடுகிறது. அதைச் சுற்றிய வட்டாரத்துக்கே டவுன்ஹால் என்று பெயராகிவிட்டது. நமக்கு அந்த வேலையை 1893இலிருந்து நம் மணிக்கூண்டான மணிமேடை செய்துகொண்டிருக்கிறது. ஊர்வலமோ, ஆர்ப்பாட்டமோ, வெளியூர்க்காரருக்கு வழி சொல்வதோ, எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அடையாளம் இல்லாத ஊர் அல்ல நம்முடையது.

இனி என் பழைய நோவுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். ‘சிட்டி ஹால்’ என்று தேடிப்போகிறோமே, ‘மன்றம்’ என்ற நம் சொல்லில் என்ன குறை? மன்று என்பது ஊர்ப் பொதுவெளி, மரத்தடியில் எல்லோரும் கூடிய இடம், சுவரே இல்லாதது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, அநியாய வரியைக் கொடுப்பதில்லை என்று திருவிதாங்கூர் அரசுக்கு எதிராகத் தீர்மானித்தபோது அவர்களுக்குத் தூண்கள் தேவைப்படவில்லை. ‘வணக்கத்திற்குரிய மேயர்’ என்று நெடுங்காலம் நாம் அழைத்துவந்ததும் எனக்கு உவப்பானதல்ல. வணங்கிக்கொண்டே கணக்குக் கேட்பது கழுத்துக்குச் சிரமம்.

இன்னொரு சொல் ‘பகுதி’. திருவிதாங்கூர்க் காலத்தில் அது வருவாய்த் துறையின் அடித்தட்டு அலகு. பகுதிக் கச்சேரிக்குப் போவதென்றால் வரி வசூல் அதிகாரியான பார்வத்தியக்காரர் முன் நின்று கரம் ஒடுக்க, அதாவது நிலவரி கட்டப் போவதென்று பொருள். 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபின் அந்தக் கச்சேரி ஓய்ந்தது. 2022இல் அதே நவம்பர் முதல் நாளை உள்ளாட்சி நாளாகக் கொண்டாடிய தமிழக அரசு, நகரங்களில் முதன்முறையாகப் ‘பகுதி சபை’ கூட்டியது. கொடுக்க மட்டுமே போய்க்கொண்டிருந்த ‘பகுதி’க்கு இப்போது கேட்கவும் போகலாம். ஒரு பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். நீங்களும் உறுப்பினர்தான், அன்பரே. இதுவரை எத்தனை முறை போனீர்கள்?

போய்ப் பார்ப்பது எளிதென்று நான் நடிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நகராட்சியின் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். பார்வையாளருக்கென்று இரண்டு பெஞ்சுகள் இருந்தன. இரண்டின் மீதும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. ‘வேறு யாரும் வருவதில்லை, அதனால்தான்’ என்று ஊழியர் உண்மையான வருத்தத்துடன் சொல்லி, ஒரு மூட்டையை நகர்த்திக் கொடுத்தார். பொருள் நிரலில் 43 இனங்கள் இருந்தன. நாற்பதாவது இனம் வரை ‘அனுமதிக்கலாம்’ என்ற ஒரே சொல்லில் முடிந்தது. 41ஆவதாக வந்த ஓடைச் சுவரைப் பற்றி ஓர் அம்மையார் எழுந்து, போன ஆண்டும் இதே சுவருக்குப் பணம் ஒதுக்கினோமே, அந்தச் சுவர் எங்கே என்று கேட்டார். தலைவர் நிமிர்ந்து பார்த்தது உறுப்பினரை அல்ல. மூட்டைகளுக்கு நடுவே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னை. அந்த இனம் ஒத்திவைக்கப்பட்டது. அன்று வேட்டியில் ஏறிய நெடி மூன்று சலவைக்குப் பிறகும் போகவில்லை. ஆனால் ஒரு பெஞ்சின் முக்கால் அடி இடம் என்ன செய்யும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இப்போது உங்கள் படம். முகப்பில் நீரூற்று இருக்கிறது, மேயரின் கார் வந்து நிற்க வளைவு இருக்கிறது, உள்ளே உறுப்பினர்களுக்கு அரைவட்டமாக இருக்கைகளும் இருக்கின்றன. எத்தனை முறை புரட்டிப் பார்த்தும் பார்வையாளருக்கென்று ஒரு முக்காலி கூடத் தென்படவில்லை. படத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தூண்களில் நான்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பெஞ்சு வரைந்து அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.