முதலீட்டுக் கணக்கு வீட்டுக் கணினியில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உவர்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: க்னூகேஷ் மென்பொருளில் என் பங்குகளையும் நிலையான வைப்புகளையும் பதிந்து வருகிறேன். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் விளங்காத குறிகளே தெரிகின்றன. அது பூட்டப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. இடம் மிச்சப்படுவதற்காக க்னூகேஷ் தன் கோப்பைச் சுருக்கி வைக்கிறதே தவிர, கடவுச்சொல்லால் பூட்டுவதில்லை. அதே மென்பொருளைத் தம் கணினியில் நிறுவிக்கொண்ட எவரும் உங்கள் கணக்கு முழுவதையும் திறந்து வாசித்துவிடலாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சேமிக்கும்போதெல்லாம் அது நாளும் நேரமும் பெயரிற் கொண்ட பழைய பிரதிகளையும், செய்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளையும் அதே கோப்புறையில் விட்டுவைக்கிறது. அமைப்பை நீங்கள் மாற்றாதவரை அவை 30 நாட்கள் அங்கே கிடக்கும். ஆகவே, பிரதான கோப்பை மட்டும் பூட்டுவதில் பயனில்லை. கோப்புறை முழுவதையும் வேராகிரிப்ட் என்ற மென்பொருள் கொண்டு உருவாக்கிய குறியாக்கப் பெட்டகத்துக்குள் (கடவுச்சொல் இன்றி வாசிக்க முடியாத கோப்புக்குள்) வைத்து, கணக்குப் பதியும் நேரத்தில் மட்டும் அதைத் திறவுங்கள்.

நிலாவெளி, விருந்தினர் விடுதி நடத்துபவர்: போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் என்ற முதலீட்டுக் கணக்கு மென்பொருள் பங்கு விலைகளை இணையத்திலிருந்து எடுக்கிறது. அப்போது என் கையிருப்பும் வெளியே போகுமா?

பதில்: எத்தனை பங்கு, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பவை உங்கள் கோப்பிலேயே இருக்கும். ஆனால் விலையைக் கேட்பதற்குப் பங்கின் குறியீட்டை அனுப்பியே ஆகவேண்டும்; ஒரே இணைய முகவரியிலிருந்து அதே குறியீடுகள் நாள்தோறும் கேட்கப்பட்டால், அவை உங்கள் கையிருப்பு என்று ஊகிப்பது கடினமல்ல. கொழும்புப் பங்குச் சந்தையில் பத்துப் பன்னிரண்டு கம்பனிகளின் பங்குகளை மட்டும் நெடுநாளைக்கு வைத்திருப்பவருக்கு, மாத முடிவு விலையைக் கையால் பதிவதே போதும் என்பது என் கருத்து. நாள்தோறும் விலை பார்ப்பதால் பதற்றம் கூடுமேயன்றிப் பங்கிலாபம் கூடாது. இம்மென்பொருளில் கோப்பைச் சேமிக்கும்போதே ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லால் பூட்டலாம், கடவுச்சொல்லை மறந்தால் மட்டும் எவராலும் மீட்டுத்தர இயலாது.

திருக்கடலூர், மாணவர்: என் கணக்குக் கோப்பை டொகியுமெண்ட்ஸ் கோப்புறையில்தான் வைத்திருக்கிறேன். அது கணினிக்குள்தானே?

பதில்: விண்டோஸில் மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்புச் சேவையான வன்டிரைவின் (OneDrive) காப்புப்பிரதி இயங்கினால் அந்தக் கோப்புறை மைக்ரோசொஃப்ட் சேவையகத்துக்கும் சென்றுவிடும். அந்தக் காப்புப்பிரதியை நிறுத்துங்கள், அல்லது வேறு கோப்புறைக்கு மாற்றுங்கள்.

கிண்ணியா, இல்லத்தரசி: கத்தாரிலுள்ள என் கணவர் டொலரில் வாங்கிய முதலீட்டு நிதிகளின் கணக்கை நான் இங்கே பதிந்து வருகிறேன். ரூபாயில் பார்த்தால் 2022இல் பெரும் இலாபம் தெரிகிறது, டொலரிலோ நட்டம். மென்பொருளில் பிழையா?

பதில்: இரண்டும் சரியே. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாயானது. நிதி ஒரு சதம்கூட வளராதிருந்தாலும் ரூபாய்க் கணக்கில் அது 80 வீத இலாபமாகவே தோன்றும். கணக்கை டொலரிலேயே வைத்து, ரூபாய் மதிப்பைத் தனி அறிக்கையில் பாருங்கள். அவருடைய ரியால் ஒரு டொலருக்கு 3.64 என நிலையாக வைக்கப்பட்டிருப்பதால், அந்தப் பக்கத்தில் உங்களுக்குக் குழப்பம் வராது.

பாலையூற்று, தந்தை ஒருவர்: எனக்கு ஏதும் நேர்ந்தால் பிள்ளைகளால் இக்கணக்கைத் திறக்க முடியுமா?

பதில்: முதலில் ஒரு தெளிவு: கோப்பு அழிந்தாலும் பங்கு அழியாது. உரிமை உங்கள் சீ.டி.எஸ். கணக்கிலும் (பங்கு உரிமையைப் பதிந்துவைக்கும் மத்திய வைப்பகக் கணக்கு) வங்கியிலும் பதிவாகியுள்ளது. இழக்கப்படுவது வாங்கிய விலையும் வரலாறுமே. ஆயினும், எந்தத் தரகர், எந்த வங்கி என்பதே தெரியாத குடும்பங்கள் அதிகம். எனவே அவ்விவரங்களை ஒரு தாளிலும் கடவுச்சொல்லை வேறொரு தாளிலும் எழுதி, உறையிட்டு, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பூட்டிய கோப்பின் பிரதியைப் பென் டிரைவில் எடுத்து மூத்த பிள்ளையிடம் கொடுத்து, உங்கள் உதவியின்றி அவருடைய கணினியில் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.